பதினெட்டாவது கேள்வி

இங்கன உக்காந்துக்கிடவா தங்கச்சி? யாரும் எந்திரிச்சுப் போயிருக்காகளா இந்த எடத்துல? இல்லையா, சரி. அந்த ஓரத்துல உக்காந்தா வாசல்ல போறவங்க வர்றவங்க எல்லாரும் மூஞ்சியைப் பாத்துட்டுப் போறாக. இங்கன தூணு மறைக்குது.

இல்லல்ல, எனக்கு இல்ல. நான் துணைக்கு வந்தவ. அந்தா, ஜன்னல்கிட்ட நிக்கா பாருங்க, பச்சைச் சுடிதார், ரெட்டைச் சடை, அந்தப் பிள்ளைக்குத்தான். என் ஸ்டூடண்ட். பத்தாங்கிளாஸ். முனீஸ்வரின்னு பேரு. நான் அவளுக்கு அறிவியல் டீச்சர். கோவில்பட்டிப் பக்கம். ஸ்கூல் பேரு வேண்டாம், இந்த எடத்துல உக்காந்துக்கிட்டு எதுக்கு.

உங்களுக்கு யாருக்கு? வீட்டுக்காரருக்கா? அந்தா பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காகளே, அவுகளா? பாத்தா ஒண்ணும் தெரியலையே, நல்லாத்தான இருக்காக. ஆமாமா, வெளிய பாத்தாத் தெரியாது. அதைப் பிள்ளைகளுக்கு நடத்துனதே நான்தான். 'மனநலக் குறைபாடு வெளியே தெரியும் காயம் அன்று.' மொதப் பாடம், மொத வரி. ஒரு மார்க் கேள்வி.

உங்க நம்பர் என்ன? முப்பத்தொண்ணா? இப்பத்தான் பதினாலு உள்ள போயிருக்கு. எங்களுக்கு எத்தனைன்னு தெரியல, சீட்டு அவட்ட இருக்கு. எல்லாமே அவட்டத்தான் இருக்கு இன்னைக்கு. பஸ் டிக்கெட்டு அவட்ட, தண்ணி பாட்டில் அவட்ட, என் வீட்டுச் சாவியும் அவட்ட. அதைச் சொல்றேன், இருங்க. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

ஜூலை மாசம் எங்க ஹெச்.எம். கூப்பிட்டு விட்டாக. "செண்பகா, மேல இருந்து ஒரு திட்டம் வந்திருக்கு. பிள்ளைகளுக்கு மனநல விழிப்புணர்வாம். ஸ்கூலுக்கு ஒரு பொறுப்பாசிரியர் வேணுமாம். ஒன் பேரைக் குடுத்துட்டேன்"னாக. நான் எதுக்கு மேடம்னு கேட்டேன். "ஒன்ன மாதிரி மன உறுதி வேற யாருக்கு இருக்கு? பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே வந்து கிளாஸ் எடுத்தவ நீ"ன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இருக்கும்போது சொன்னாக. எல்லாரும் தலையை ஆட்டுனாக. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?

காரியம்னா, எங்க வீட்டுக்காரருக்கு. ரெண்டு வருசம் ஆகப்போகுது. அது வேற கதை, அதை விடுங்க.

ஒரு கையேடு குடுத்தாக, நாப்பது பக்கம். ஒரு மாசம் நடத்தணும், கடைசில இருபது கேள்வி குடுத்து எழுதி வாங்கணும், மார்க் லிஸ்ட் மாதிரி ஒண்ணு மேல அனுப்பணும். அந்தக் கையேட்டுல மொதப் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. 'இது தேர்வு அன்று. மாணவியர் தம் மனதில் பட்டதை எழுதலாம்.' நீங்களே சொல்லுங்க தங்கச்சி. தாளைக் குடுத்து, கேள்வியைக் குடுத்து, பேரு வகுப்பு பிரிவு எழுதச் சொன்னா அது பரிச்சை இல்லாம என்ன? மனசுல பட்டதை எழுதுனா எப்படித் திருத்துறது? ஒருத்திக்கு ஒண்ணு படும், இன்னொருத்திக்கு வேற ஒண்ணு படும்.

நான் பத்தொன்பது வருசமா சென்டம் குடுக்கிற டீச்சர். எனக்குத் தெரியாதா? கையேட்டை ரெண்டு நாள்ல பிரிச்சுப் போட்டுட்டேன். ஒரு மார்க் இத்தனை, ரெண்டு மார்க் இத்தனை, அஞ்சு மார்க் இத்தனை. விடைக்குறிப்பு தயார் பண்ணி ஜெராக்ஸ் எடுத்தாச்சு. மெல்லக் கத்துக்கிற பிள்ளைகளுக்குத் தனியா ஒரு பக்கம், இதை மட்டும் படிச்சாப் பாஸுன்னு. அறிகுறிகள் ஏழு. அதுக்கு ஒரு சுருக்கம் சொல்லிக் குடுத்தேன். தூபநாக சோகுவா. தூக்கம், பசி, நாட்டம், கவனம், சோர்வு, குற்ற உணர்ச்சி, வாழ்க்கையில வெறுப்பு. இதுல அஞ்சு, ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா உதவி தேவை. சத்துணவு வரிசையில நிக்கும்போதுகூட "தூபநாக சோகுவா, தூபநாக சோகுவா"ன்னு பாட்டா பாடிக்கிட்டுப் போகுங்க. ஹெச்.எம்.முக்கு அவ்வளவு சந்தோசம்.

இந்த முனீஸ்வரி இருக்காளே, அப்படி ஒண்ணும் படிக்கிறவ இல்ல. அறுபதுக்கும் அறுபத்தஞ்சுக்கும் நடுவுல கிடக்கிறவ. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறா. அப்பா கிடையாது. ரெண்டாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். ஆனா கேள்வி கேப்பா. எப்படின்னா, பரிச்சைக்கு வராத கேள்வியாக் கேப்பா. "மிஸ், ரெண்டு வாரத்துக்கு மேலன்னு போட்டிருக்கே, ரெண்டு வருசம்னா?" அப்படிம்பா. "ரெண்டு வாரத்துக்கு மேலங்கிறதுல ரெண்டு வருசமும் அடக்கம்தான், உக்காரு"ன்னேன். இன்னொரு நாள், "மிஸ், ஒருத்தருக்குத் தனக்கு இருக்குன்னே தெரியாம இருக்குமா?" "அது நம்ம பாடத்துல இல்ல, உக்காரு."

உக்காந்துருவா. ஆனா பாத்துக்கிட்டே இருப்பா. அந்தப் பார்வைதான் எனக்கு எரிச்சலா இருக்கும்.

கிளாஸ் கன்ட்ரோல்ல என்னை யாரும் குறை சொல்ல முடியாது. பெருமைக்குச் சொல்லல. போன மாசம் ஒரு நாள், இதயத்தோட படம் போடச் சாக்பீஸ் எடுத்தேன். வலது ஏட்ரியம், இடது ஏட்ரியம் போட்டு, கீழ வென்ட்ரிக்கிள் போட ஆரம்பிச்சேன். பாதிக் கோடு போட்டிருக்கேன், பெல் அடிச்சிருச்சு. அந்த பீரியட் நாப்பத்தஞ்சு நிமிசம், எப்படிப் போச்சுன்னே தெரியல. திரும்பிப் பாத்தா அறுபத்திரெண்டு பிள்ளைகளும் மூச்சு விடாம உக்காந்திருக்கு. ஒரு சத்தம் இல்ல, ஒரு பேச்சு இல்ல. ரெண்டு மூணு பிள்ளைகளுக்குக் கண்ணுகூடக் கலங்கியிருந்துச்சு. அவ்வளவு ஈடுபாடு. அப்படி ஒரு கிளாஸை இந்தக் காலத்துல எந்த டீச்சர் காட்ட முடியும்?

இந்தப் பதினைஞ்சாம் நம்பர் போகட்டும். அந்தப் பெரியவரைப் பாருங்க, மக கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறா. பாவமா இருக்கு. நமக்கெல்லாம் அப்படி ஒரு நெலமை வரக்கூடாது.

தண்ணி குடிக்கீங்களா? இல்ல? எனக்கும் வேண்டாம். எனக்குக் காலைல ஒரு காப்பியும் ரெண்டு பிஸ்கட்டும் போதும், சாயங்காலம் வரைக்கும் தாங்கும். ஒத்த ஆளுக்கு என்னத்த ஆக்கி என்னத்த இறக்க? அடுப்புப் பத்த வச்சாத்தான் தொல்லை. வீட்டைப் பூட்டிட்டுப் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்திருப்பேன், கேஸை மூடினோமான்னு சந்தேகம் வந்துரும். திரும்பிப் போயிப் பாப்பேன், மூடித்தான் இருக்கும். திரும்பப் பூட்டிட்டு வருவேன், பூட்டினோமான்னு சந்தேகம். மூணு பஸ் போயிரும். ஜாக்கிரதையா இருக்கணும்ல. வீட்டுல ஆள் இல்லாத பொம்பளை.

எங்க விட்டேன்? ஆங், பரிச்சை.

செப்டம்பர் கடைசில எழுதி வாங்கிட்டேன். இந்தா, இந்தப் பைக்குள்ளதான் கட்டு இருக்கு. அறுபத்திரெண்டு பேப்பர். இன்னும் முப்பதுக்கு மேல பாக்கி. ஹெச்.எம். மூணு தடவை கேட்டுட்டாக, திங்கக்கிழமை கட்டாயம் வேணுமாம். எங்க போனாலும் தூக்கிட்டுத்தான் போறேன். எடுத்து விரிச்சா மொத வரியையே திருப்பித் திருப்பி வாசிச்சுக்கிட்டு இருக்கேன். இந்தக் காலத்துப் பிள்ளைக எழுத்து அப்படி இருக்கு. ஒண்ணும் மண்டையில ஏறமாட்டேங்குது. முந்தியெல்லாம் ஒரு கட்டை ஒரே மூச்சுல முடிச்சிருவேன்.

பதினெட்டாவது கேள்வி. நல்லாக் கவனிங்க. 'இத்தகைய அறிகுறிகள் உனக்குத் தெரிந்த ஒருவரிடம் தொடர்ந்து இருந்தால் முதலில் யாரிடம் சொல்வாய்?' ரெண்டு மார்க். விடைக்குறிப்புல நான் என்ன குடுத்திருக்கேன்? 'பொறுப்பாசிரியரிடம் சொல்வேன்.' அவ்வளவுதான். மத்தவளுக எல்லாம் அதைத்தான் எழுதியிருக்கணும். நான் திருத்துன வரைக்கும் அதைத்தான் எழுதியிருக்காளுக. இவ பேப்பரைப் பிரிக்கேன். என்ன எழுதியிருக்கான்னு நெனைக்கீங்க?

'பொறுப்பாசிரியருக்கே இருந்தால் யாரிடம் சொல்வது என்று மிஸ் சொல்லித் தரவில்லை.'

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். செவப்புப் பேனாவை எடுத்து அடிச்சு, சைபர் போட்டு, பக்கத்துல 'கேள்விக்குப் பொருந்தாத விடை'ன்னு எழுதினேன். பேனா தாளைக் கிழிச்சிருச்சு. நான் அப்படியெல்லாம் கோவப்படுற ஆளே இல்ல தங்கச்சி. இப்பக் கொஞ்ச நாளாத்தான், சின்னச் சின்ன விசயத்துக்கெல்லாம் சுள்ளுன்னு வந்துருது. பிரஷர் கிஷர் இருக்குமோ என்னமோ.

கூப்பிட்டேன் அவளை. "என்னட்டி அதிகப்பிரசங்கித்தனம் இது? சரியான விடையை அம்பது தடவை எழுதிட்டு வா"ன்னேன். மறுநாள் காலைல ப்ரேயருக்கு முந்தியே கொண்டாந்து நீட்டுனா. நானும் எண்ணிப் பாத்தேன், அம்பது இருந்துச்சு. 'பொறுப்பாசிரியரிடம் சொல்வேன். பொறுப்பாசிரியரிடம் சொல்வேன்.' சரி, போன்னேன். போகல. அங்கனயே நிக்கா.

"என்னட்டி?"

"மிஸ், அதான் சொல்ல வந்தேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு ஏழும் இருக்கு மிஸ்."

"யாருக்கு? ஒங்கம்மாவுக்கா?"

"இல்ல மிஸ்."

"பெறகு யாருக்கு?"

என்னையே பாத்துக்கிட்டு நிக்கா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கி. நான் டீச்சர் இல்லையா, பிள்ளைக மூஞ்சியைப் பாத்தா எனக்கு விளங்கிராதா? மெதுவாக் கேட்டேன். "ஒனக்கா முனீஸ்வரி?" "ஆமா மிஸ். எனக்குத்தான்"னா. அப்புறம் சொன்னா, "பத்தொன்பதாவது கேள்வி மிஸ்."

பத்தொன்பதாவது கேள்வி என்னன்னா, அடுத்து என்ன செய்யணும்ங்கிறது. 'தனியே விடாமல், மனநல மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.' நான் குடுத்த விடைதான். சொல்லிக் குடுத்துட்டு நானே மாட்டேன்னு சொல்ல முடியுமா? பொறுப்பாசிரியர்னு என் பேரைத்தான போட்டிருக்கு. வசமா மாட்டிக்கிட்டேன்.

ஊர்லயே டாக்டர் இருக்காக. வேண்டாம்னா. "தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துருவாங்க மிஸ், பாளையங்கோட்டைக்குப் போயிருவோம்"னா. வெவரமான பிள்ளைதான். அது உண்மைதானே. எங்க ஸ்கூல்ல தையல் டீச்சர் ஒருத்தி இருந்தா, கோமதின்னு. இந்த மாதிரி எங்கயோ போயி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கா. எப்படியோ வெளிய தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அவ கோவப்பட்டாலும் "இன்னைக்கு மாத்திரை போடலையா"ம்பாக, சத்தமாச் சிரிச்சாலும் "மாத்திரை போடலையா"ம்பாக. லீவு போட்டாலும் அதே பேச்சு. அவ சரியாகித்தான் இருந்தா. ஆனா யாரும் அவளைச் சரியாக விடல. கடைசில மாறுதல் வாங்கிட்டுப் போயிட்டா. நானும் ஒரு தடவை கேட்டிருக்கேன், அந்த மாத்திரைக் கேள்வியை. சும்மா, விளையாட்டுக்கு.

அதான் சொல்றேன், சின்னப் பிள்ளைன்னா தப்பிச்சுக்கிடலாம். என்ன மாதிரி வேலையில இருக்கிறவ இந்த வாசல்படி மிதிச்சா, அப்புறம் ஆயுசுக்கும் அதே பேருதான். நான் எவ்வளவு கஷ்டம்னாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துருவேனே ஒழிய... அது சரி, எனக்கு என்ன கஷ்டம்?

நேத்து அவ அம்மாவைக் கூப்பிட்டு அனுமதி கேட்டேன். வேலுத்தாய்னு பேரு. தீக்குச்சி மருந்துக் கறை படிஞ்ச விரலோட வந்து நின்னா. "ஒங்க மகளுக்கு மனசு சரியில்லைங்கா, நான் கூட்டிட்டுப் போயிட்டு வரவா?"ன்னேன். அந்தப் பொம்பளை என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டா. "எம்மக எல்லாத்தையும் சொன்னா மிஸ். நல்லபடியாப் போயிட்டு வாங்க. நாங்க இருக்கோம்"னா. பெத்த வயிறு இல்லையா. நான்தான் அவளைத் தேத்தி அனுப்புனேன்.

இன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு வீட்டுக்கே வந்துட்டா இவ. நான் கிளம்பி வெளிய வந்தேன். இவ உள்ள போயி கேஸைத் திருகிப் பாத்தா. "மூடியிருக்கு மிஸ், நான் பாத்துட்டேன்"னா. பூட்டை அவளே பூட்டுனா, இழுத்துப் பாத்தா. "பூட்டியாச்சு மிஸ், நான் பாத்தேன். சாவி என்கிட்டயே இருக்கட்டும்"னு பையில போட்டுக்கிட்டா. பஸ் ஸ்டாப் வரைக்கும் போயாச்சு, மொதப் பஸ்ஸுலயே ஏறியாச்சு. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ஒரே நடையில போய்ப் பஸ் ஏறியிருக்கேன். அது எப்படி இவளுக்குத் தெரியும்னு எனக்குப் புரியல. அவ வீடு அந்த வழியில இருக்கு, பாத்திருப்பா போல.

இதுல ஒரு கூத்து கேளுங்க. ஏழும் இருக்குன்னு சொன்னாள்ல? பஸ் ஸ்டாண்டுல நாலு இட்லி சாப்பிட்டா. எனக்கும் வாங்கி வச்சு, "ஒண்ணாவது சாப்பிடுங்க மிஸ்"னு சாப்பிடுற வரைக்கும் நின்னா. பஸ்ஸுல ஏறி உக்காந்தா, கயத்தாறு தாண்டலை, என் தோள்ல சாஞ்சு நல்லாத் தூங்கிட்டா. பசி இருக்கு, தூக்கம் இருக்கு. பெறகு என்ன நோயி? பொய் சொல்றாளோன்னு எனக்கே சந்தேகம். ஆனா வெளிய தெரியாதுன்னு நான்தான நடத்தியிருக்கேன். சந்தேகப்படக்கூடாதுன்னு உக்காந்திருந்தேன். அவ தலை என் தோள்ல கனத்துக்கிட்டு இருந்துச்சு. ஒருத்தர் என்மேல சாஞ்சு ரொம்ப நாளாச்சு தங்கச்சி. அழுகை வந்துருச்சு. எதுக்குன்னு தெரியல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

இங்க வந்து இறங்குனதும் "மிஸ், உங்க முழுப்பேரு செண்பகவல்லிதான? வயசு என்ன? ஆதார் கார்டு இருக்கா?"ன்னு கேட்டா. துணைக்கு வர்றவங்களுக்கும் பதியணுமாம். எங்க பாத்தாலும் ஆதார்தான் இப்ப. உங்ககிட்டயும் கேட்டிருப்பாகளே? கேக்கலையா? ஒருவேளை சின்னப் பிள்ளைக கூட வந்தா மட்டும் கேப்பாக போல.

எந்திரிச்சுப் போயிரலாமான்னு இருக்கு. நாலாவது தடவையா நெனைக்கேன். இந்தக் கூட்டமும், இந்த இரும்புக் கம்பிக் கதவும், நெஞ்சைப் பிடிச்சு அமுக்குற மாதிரி இருக்கு. ஆனா போயி என்ன செய்ய? சாவி அவட்டல்ல இருக்கு. சாவி இருந்தாலும் அந்த வீட்டுக்குப் போயி என்ன செய்ய? ஸ்கூல் விட்டதும் நான் வீட்டுக்குப் போறதே இல்ல. லேப்ல உக்காந்திருப்பேன். வாட்ச்மேன் வந்து சாவிக்கொத்தை ஆட்டுனாத்தான் எந்திரிப்பேன். வீட்டுக்குப் போனா அந்தச் சேர் இருக்கு.

எங்க வீட்டுக்காரர் சேர். அவுக அதுலதான்.

கேக்கீங்களா? சரி, கேட்டுட்டீங்க. சொல்றேன். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது, சும்மா சொல்றேன்.

அவுக மின்வாரியத்துல இருந்தாக. சங்கரலிங்கம்னு பேரு. நல்ல மனுசன். அன்னைக்குப் பப்ளிக் எக்ஸாம். எனக்கு ஹால் டூட்டி, பக்கத்து ஊர் ஸ்கூல்ல. எட்டு மணிக்குள்ள அங்க இருக்கணும். கிளம்பிக்கிட்டு இருக்கேன், அவுக சேர்ல உக்காந்து, "ஏ செண்பகா, இடது கையி ஒரு மாதிரி வலிக்கி"ன்னாக. வேர்த்திருந்துச்சு. நான் சேலைக்குப் பின் குத்திக்கிட்டே சொன்னேன், "ராத்திரி மொச்சை திங்காதீங்கன்னு சொன்னாக் கேட்டாத்தான. வாயுவா இருக்கும். இஞ்சி தட்டிப் போட்டுக் குடிங்க"ன்னேன். சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்.

காலைல போய் நுழைஞ்சதுமே போனை வாங்கி வச்சிருவாக, தங்கச்சி. பரிச்சை முடிஞ்சாத்தான் கிடைக்கும். வெளிய வந்து கட்டுக் கட்டி, எண்ணிக் குடுத்து, கையெழுத்துப் போட்டுட்டுப் போனை வாங்கிப் பாத்தா, அவுக பதினோரு தடவை கூப்பிட்டிருக்காக. கடைசியாக் கூப்பிட்டது ஒம்போது நாப்பது.

இதய அடைப்பின் அறிகுறிகள். இடது கை வலி, வியர்வை, மூச்சுத் திணறல், நெஞ்சில் அழுத்தம், குமட்டல். அஞ்சு மார்க். பத்தொன்பது வருசம் நடத்தியிருக்கேன். எத்தனை பிள்ளைக என்கிட்டப் படிச்சு அந்த அஞ்சு மார்க்கை முழுசா வாங்கியிருக்கு. எந்தத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எம் புருசன் எம் முன்னால உக்காந்து ரெண்டு அறிகுறியைச் சொன்னாக. எனக்கு அது கேள்வியாத் தோணல.

அந்த வருசமும் சென்டம்தான். நாலு பேரு.

என்னது? குற்ற உணர்ச்சியா? அதை நோயில சேக்க முடியாதுங்க. கையேட்டுல என்ன போட்டிருக்கு? 'தேவையற்ற குற்ற உணர்ச்சி.' எனக்கு உள்ளது தேவையற்றது இல்லையே. நான்தான கதவைச் சாத்துனேன். அதனால அது கணக்குல வராது. தூக்கம் வராதது வயசு. பசி இல்லாதது ஒத்தக்கட்டை. சோர்வு யாருக்கு இல்ல, டீச்சர் வேலை பாக்குற எல்லாருக்கும் உண்டு. வாழ்க்கையில வெறுப்புன்னா, நாளைக்குக் கண்ணு முழிக்காட்டாத் தேவலைன்னு யாரு நெனைக்கல? அதெல்லாம் எல்லாரும்...

ஏன் அப்படிப் பாக்கீங்க தங்கச்சி? நீங்களும் அவளை மாதிரியே பாக்கீங்களே.

இருங்க. நர்சம்மா என்னமோ கூப்பிடுறாக. யாரை? சத்தத்துல சரியாக் கேக்கல. செண்பகவல்லி... நாப்பத்தொன்பது வயசு...

அது என் பேரு.

துணைக்கு வந்தவங்களைத்தான் மொதல்ல கூப்பிடுவாகளோ? நீங்க மொதத் தடவை வந்தப்ப உங்க பேரையா கூப்பிட்டாக? வீட்டுக்காரர் பேரைத்தானா?

அந்தா வர்றா. ஏட்டி முனீஸ்வரி, என்னட்டி என் பேரைக் கூப்பிடுறாக? சீட்டைக் காட்டு. கண்ணாடி பைக்குள்ள இருக்கு, தங்கச்சி, நீங்களே வாசிங்க. என் பேருதானா? வேற பேரு இல்லையா அதுல? எங்கயும் இல்லையா?

ஏமாத்திக் கூட்டிட்டு வந்துட்டியேட்டி என்னை. எனக்குத்தான்னு சொன்னியே. அழுதியே.

என்ன சொல்றான்னு கேட்டீங்களா? "ஒங்களுக்குன்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டீங்க மிஸ்"ங்கா. "நீங்க நடத்துனபடிதான் மிஸ் செஞ்சேன். தனியே விடக்கூடாதுல்ல"ங்கா. கிளாஸே பேசி வச்சிருக்காம். அறுபத்திரெண்டும். பாதிக் கோடு போட்டுட்டு நான் போர்டைப் பாத்துக்கிட்டே நின்னேன்ல, அன்னைக்கே பேசி வச்சிருக்குங்க. இவ வீடுதான் பக்கமாம், அதனால இவளை அனுப்பியிருக்குங்க.

அன்னைக்குச் சத்தமே இல்லாம உக்காந்திருந்தது அதுக்குத்தானா?

சாவியைக் குடுட்டி. நான் போறேன். குடுன்னு சொல்றேன்ல.

குடுத்துட்டா பாருங்க. உள்ளங்கையில வச்சு நீட்டுறா. பிடிச்சு வைப்பா, அழுவா, கெஞ்சுவான்னு நெனைச்சேன். நீட்டிக்கிட்டு நிக்கா. போறதுன்னா இப்பப் போயிரலாம். இந்தக் கம்பிக் கதவு தொறந்துதான் இருக்கு. வெளிய இறங்கினா ஆட்டோ நிக்கி.

ரெண்டாவது தடவை கூப்பிடுறாக.

எனக்குப் பயமா இருக்கு தங்கச்சி. உள்ள போயி என்னத்தச் சொல்ல? இஞ்சி தட்டிக் குடிங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்னு சொல்லவா? அதை நான் இதுவரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்ல. இன்னைக்கு உங்ககிட்டதான் சொல்லியிருக்கேன். உங்க பேருகூட எனக்குத் தெரியாது.

சாவியை நீயே வச்சுக்கட்டி. பூட்டுனது நீதான.

தங்கச்சி, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. பேப்பர் கட்டு, ஒண்ணும் தொலைஞ்சிரக் கூடாது. மேலாப்புல இருக்கிறது இவ பேப்பர்தான், கிழிஞ்சிருக்கும், பாத்து. வந்து பதினெட்டாவது கேள்விக்கு ரெண்டு மார்க் போடணும்.